எடை பார்த்துவிட்டு வந்தேன்

நாகமலை புதுக்கோட்டை
ஜனவரி 18

அன்புள்ள ராம்கிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் அந்த வார்சா குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கே அப்பா நலம். என் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே, அதனால் அதை முதல் வரியிலேயே சொல்லி முடிக்க முடியவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் அடித்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், நான் ஒன்று பேசினால் அவர் இரண்டு பேசுகிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படிக்கிறார். அதனால் வார்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், நாளை நானே தபால் ஆபீசில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவேன்.

முதலில் எங்கள் புற்றுநோய் சென்டர் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன், நீ கேட்காவிட்டாலும் நான் சொல்லாமல் விட்டதில்லை. பைல் ரூம் சோணை அண்ணன் இந்த மாதக் கடைசியோடு ரிட்டயர் ஆகிறார். முப்பத்தொரு வருடம், நோயாளி பேரைச் சொன்னால் நம்பரைச் சொல்லுவார், இனிமேல் அதைக் கம்ப்யூட்டர் சொல்லுமாம். பிரிவு உபசார விழாவில் என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டேன், “இருக்கிறவுக பைலு கொஞ்சம், போனவுக பைலுதான் அம்புட்டும், அதத் தூக்கித் தூக்கியே முதுகு போச்சுன்னு பேசவா தாயி” என்றார். சிரித்தேன், பிறகு அப்படிப் பேசிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். புதுக் கதிர்வீச்சு மெஷின் வந்து இறங்கிவிட்டது, அறை தயாராகாததால் இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. நம் பாண்டிமீனாவை எங்கள் வார்டுக்கு இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறார்கள், என்னிடம் வந்து சேர்ந்தபோது நோயாளி வாந்தி எடுத்தால் கூடச் சேர்ந்து அழுத பிள்ளை. மாசி மாதம் செக்கானூரணிப் பக்கம் பெண்களுக்குப் பரிசோதனை முகாம் போடுகிறோம். அதற்கு முன்னால் பிப்ரவரி நாலாம் தேதி புற்றுநோய் தின விழா. காலையில் ஊர்வலம், பிறகு ஆடிட்டோரியத்தில் நோயை வென்றவர்களை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போடுவது. மாலைக்கு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் சொல்லியாகிவிட்டது. வென்றவர்கள் பட்டியலை வருடா வருடம் நான்தான் தயார் செய்கிறேன். மார்பில் ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் ஆனதால் இந்தத் தடவை பதினோராவது பெயர் என்னுடையது. தாமரைச்செல்வி, மூத்த செவிலியர், நம் சென்டரின் பெருமை என்று பாண்டிமீனா எழுதிக்கொடுத்திருக்கிறாள்.

இப்போது எங்கள் வார்டில் நடக்கும் ஒரு வேலையை உனக்குச் சொல்ல வேண்டும். இதை இத்தனை வருடத்தில் வீட்டில் சொன்னதில்லை. நோய் முற்றிப்போனது தெரிந்ததும் வீட்டு ஆட்கள் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லும் முதல் வார்த்தை, நோயாளிக்குத் தெரியக் கூடாது என்பதுதான். அவரை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? வெளியே போங்கள் என்றால் சந்தேகம் வந்துவிடும். அதற்கு வழி கண்டுபிடித்தது நான். “ஐயா, போய் ஒரு தடவ எடை பாத்துட்டு வாங்க” என்பேன். மருந்தின் அளவை எடையை வைத்துத்தான் போடுவோம், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. எடை மெஷினை வராந்தாவின் கடைசியில் கொண்டுபோய் வைக்கச் சொன்னதும் நான்தான். போய் நின்று, முள் அசைந்து நிற்கும்வரை பார்த்து, திரும்பி நடந்து வருவதற்குள் டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடலாம், அழுகிறவர்கள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் நேரம் கிடைக்கும். புதிதாக வரும் நர்சுகளுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், கெட்டிக்காரி என்று எனக்குப் பெயர்.

பொங்கலுக்கு முந்தின வாரம் என் ஸ்கேன் ரிசல்ட்டைப் பார்க்க அப்பாவும் நானும் டாக்டர் தமிழ்வாணி அறைக்குப் போனோம். வழக்கமான செக்கப்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன், போகிற வழியில் அப்பாவின் சட்டை கசங்கியிருப்பதற்குத் திட்டிக்கொண்டே போனேன். உட்கார்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பாண்டிமீனா என் தோளைத் தொட்டு, “அக்கா, போயி ஒரு தடவ எடை பாத்துட்டு வாங்களேன்” என்றாள். அன்று காலைதான் என் எடையைப் பார்த்துத் தன் கையாலேயே எழுதியிருந்தாள், ஐம்பத்திரண்டு கிலோ. நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். எழுந்து போனேன். மெஷின் மேல் ஏறி நின்றேன். காலையில் இருந்த எடைதான் இருந்தது. இறங்கி, வழக்கமாக நோயாளிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடச் சீக்கிரம் திரும்பி வந்துவிட்டேன். கதவு ஒருக்களித்திருந்தது. அப்பாவின் போனில் உன் குரல் கேட்டது. “அம்மாவுக்குத் தெரிய வேணாம் டாக்டர், அம்மா தாங்காது” என்றாய்.

நீ பேசி முடிக்கும்வரை வெளியே நின்றேன் ராம்கி. பிறகு உள்ளே போய் ஐம்பத்திரண்டு கிலோ என்றேன். எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். பஸ்ஸில் வரும்போது அப்பா, “ஒண்ணுமில்ல செல்வி, ஈரல்ல லேசாக் கொழுப்புப் படிஞ்சிருக்காம், எண்ணெயக் குறைச்சாச் சரியாப் போயிரும்ங்கிறாக” என்றார். அன்றிலிருந்து வீட்டில் எண்ணெய் இல்லாத குழம்புதான், பொங்கலுக்கு வடைகூடச் சுடவில்லை. அவர் குளிக்கப் போனால் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார், வாளி நிறைந்து வழிகிற சத்தம் கேட்கிறது. ரிசல்ட் பார்த்த மறுநாள் சோணை அண்ணனிடம் என் பைலைக் கேட்டேன். டாக்டரம்மா ரூமில் இருக்கிறது என்று மழுப்பினார். அதுவும் நாங்கள் சொல்லிக்கொடுத்த பதில்தான். கம்ப்யூட்டரில் என் நம்பரை நானே அடித்துப் பார்த்தேன். ஈரலில் நான்கு இடம், முதுகெலும்பில் ஒரு இடம். இதற்கு என்ன மருந்து, அந்த மருந்து எத்தனை மாதம் தாங்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடம் கிடைத்தால் அதிகம்.

உன்மேல் கோபம் வந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் உன் போட்டோவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அப்புறம் மலையம்மாள் ஞாபகம் வந்தாள். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் வார்டில் இருந்தவள், கூலி வேலைக்குப் போகிறவள். அவள் மகள் வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு திருப்பூரில் இருந்தாள், ஏழு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. மலையம்மாளை நான் மூன்று தடவை எடை பார்க்க அனுப்பினேன். மூன்றாவது தடவை திரும்பி வந்து, “ஏந்தாயி, நான் போற நேரமெல்லாம் உள்ள என்னமோ பேசுறீகளே, எனக்கும் சொல்லக் கூடாதா” என்று கேட்டாள். ஒன்றுமில்லை ஆத்தா, சத்தாகச் சாப்பிட்டால் எழுந்துவிடுவாய் என்றேன். அதை நம்பிக்கொண்டு, தெம்பு வந்ததும் சித்திரையில் திருப்பூர் போய் மகளைப் பார்த்து வரப் போகிறேன் என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பங்குனியிலேயே கண்ணை மூடிவிட்டாள். மகள் பிணத்துக்குத்தான் வந்தாள். முன்னாலேயே சொல்லியிருந்தால் அவள் தவழ்ந்தாவது திருப்பூர் போயிருப்பாள். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. இப்படி இன்னும் எத்தனை பேரோ, எண்ணிப் பார்க்கத் துணிச்சல் இல்லை. நீ செய்தது நான் ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்த வேலை, அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை.

ஆனால் சில விஷயங்களை நான்தான் முடிவு செய்ய வேண்டும். வென்றவர்கள் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டேன். மேடை ஏறி மாலை வாங்கிக்கொண்டு கீழே இருக்கிற நோயாளிகளை ஏமாற்ற எனக்கு மனமில்லை. அடுத்த ஊசியை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று உன்னிடமும் அப்பாவிடமும் டாக்டர் கேட்கக் கூடாது, என்னிடம் கேட்க வேண்டும். வைகாசியில் லீவு கிடைக்கும், வாரேன் என்று சொல்லியிருக்கிறாய். வைகாசியில் நான் எழுந்து நடமாடுகிற நிலையில் இருப்பேனா என்று எனக்குத் தெரியாது. என்னைத் தூக்கிக்கொண்டு போவதற்கு நீ வர வேண்டாம், உனக்கு ஒரு வேளை நான் சமைத்துப் போட முடிகிற காலத்தில் வா. மருமகளையும் கூட்டி வா, அவளிடம் கொடுக்க வேண்டிய சில சாமான்கள் இருக்கின்றன, யார் மூலமாகவும் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

அம்மா தாங்காது என்று சொன்னாயே, அது உண்மைதான். தாங்கவில்லை. இருபத்தாறு வருடம் இந்த வார்டில் நின்றவளுக்குக்கூட, அது தன் உடம்பு என்றதும் கற்றதெல்லாம் கைகொடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ராம்கி. வலிக்குப் பயம், அப்பாவைத் தனியாக விட்டுப் போகப் பயம். நீங்கள் எல்லாரும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பதால், பயமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வீட்டில் ஒரு ஆள் இல்லை. அப்பா முன்னால் நான் சிரிக்க வேண்டியிருக்கிறது, அவர் என் முன்னால் சிரிக்க வேண்டியிருக்கிறது. இப்படியே நடித்துக்கொண்டு போய்ச் சேர எனக்கு விருப்பமில்லை.

நீயும் மருமகளும் எல்லா நலமும் பெற்று ஒற்றுமையாக நெடுநாள் வாழ வேண்டும், அதற்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கடிதம் கிடைத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் நேரம் காலை பத்து மணிக்கு என் நம்பருக்குக் கூப்பிடு, அப்பா கறிக்கடைக்குப் போயிருப்பார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஆரம்பிக்காதே. டாக்டர் என்ன சொன்னார் என்று உன் வாயால் சொல்லு. பிறகு போனை வைத்துவிடாமல் கொஞ்ச நேரம் பேசாமல் இரு, நான் அழ வேண்டும்.

உன் அம்மா,
தாமரைச்செல்வி