எம்.எல்.ஏ. கழற்றிய பொன்னாடை

ஆகஸ்ட் 1986, ஞாயிறு. திண்டிவனம்.

ஒருவர் இரண்டு முறைக்கு மேல் எம்.எல்.ஏ. ஆகக் கூடாது என்று இன்று பட்டிமன்றத்தில் பேசினேன். தலைமை, மூன்று முறை ஜெயித்த எங்கள் எம்.எல்.ஏ.

"தம்பி சொல்றது கரெக்டுங்க. இனிமே நான் நிக்கலை" என்றார் மைக்கில்.

முன்வரிசையில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த சீட்டு தனக்கென்று நம்பி இத்தனை வருடம் கொடி பிடித்தவர்.

எம்.எல்.ஏ. தன் பொன்னாடையைக் கழற்றி மனைவிக்குப் போர்த்தினார். "இவுங்க நிப்பாங்க." விசில் பறந்தது. அப்பாவும் எழுந்து நின்று கை தட்டினார்.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "அந்தம்மாவுக்கு மேடையில பேச வராதுடா. பேச்சை உன்னை எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காரு எம்.எல்.ஏ."

"உங்க சீட்டு?"

"சோத்தைத் துன்னுடா."

எழுத மாட்டேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை.