குண்டனைப் பிடிக்க வந்தவர்கள்

மகளே,

இதில் உள்ளது அத்தனையும் உண்மை. பொய்யென்றால் என் பல்செட் மேல் ஆணை.

நீ வேலைக்குப் போனதும் குடியிருப்புச் செயலாளர் நாய்வண்டியோடு வந்துவிட்டார். "ராட்வைலர் நாய்னாலே கடிக்கிற ஜாதிதான், ஐயா. உங்க பொண்ணும் சரின்னுட்டாங்க" என்றார். அதைக் கேட்ட நம் குண்டன் கர்ஜித்தான் பார், பிடிக்க வந்தவர்கள் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக்கொண்டார்கள். டிரைவர் இல்லாமலே வண்டி தெருமுனைவரை ஓடியது. செயலாளர் லிஃப்டுக்குள் ஒளிந்துகொண்டு, "தம்பி சாப்ட்டீங்களா?" என்று குண்டனை மரியாதையாக விசாரித்தார்.

உன் சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். சாவி எதிர்வீட்டில்.

"நாளைக்கு யாரையாவது கடிச்சு வெச்சா யாருப்பா பதில் சொல்றது?" என்று நேற்றுக் கேட்டாய். இத்தனை நாள் யாரைக் கடித்தான் என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

பி.கு: நாய்க் காப்பகத்துக்குப் போகிறேன். அவன் போர்வையைத் தேடாதே, என்னிடம் இருக்கிறது. நீ போனில் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்களாம்.

இன்னொன்று: வண்டிக் கதவைத் திறந்ததும், ஊர்சுற்றக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, குண்டன் வாலை ஆட்டிக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்தான்.