பன்னிரண்டு சுற்று வாய் மூடியிருந்த கதை

பேசாலை
18.09.2024

என் அன்பு மகள் கிறிஸ்ரினாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர நாங்கள் எல்லோரும் சுகமாயிருக்கிறோம், அங்கே நீயும் மருமகனும் சின்னவளும் முழங்கால் உட்பட முழுச் சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நாள்தோறும் போனில் கதைக்கிற மனுஷி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். எங்கள் முன்வளவில் இருக்கிற அலெக்ஸாண்டர் நாளை மறுநாள் தன் மகனிடம் நோர்வேக்கு வெளிக்கிடுகிறார், அவரிடம் உனக்குக் கட்டாக் கருவாடும் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கொடுத்துவிடுகிறேன், பொதிக்குள் கருவாடு மட்டும் தனியாகப் போனால் நன்றாயிருக்காது. இன்னொரு காரணமும் உண்டு. கச்சேரியைப் பற்றி நான் போனில் சொன்னதில் பாதி பொய். நான் கதைக்கும்போது அப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார், நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்லுவார், அதனால் உண்மையை எழுத்தில்தான் சொல்ல முடியும்.

மன்னார் மாவட்டத்துக்கென்று புதிதாக ஒரு வாத்தியக் குழுவும் பாடகர் குழுவும் தொடங்கியது உனக்குத் தெரியும். வாசிக்கிறவர்கள் இருபத்தெட்டுப் பேர், பாடுகிறவர்கள் அறுபது பேர். எங்கள் பங்குக் கோயில் பாடகர்களும் சைவக் கோயில்களில் வயலின் வாசிக்கிறவர்களும் பாடசாலை பாண்ட் ஆட்களும் ஒரே மேடையில். முதல் பாதியில் எல்லோருக்கும் தெரிந்த தமிழ்க் கீர்த்தனைகள், இரண்டாம் பாதியில் முந்நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் ஒருவர் எழுதிய நீண்ட தேவபாடல். இத்தனை பேரையும் மேய்க்கிறவள் சுபத்திரா. பெரியமடுப் பிள்ளை, இந்தியாவில் அகதி முகாமில் பிறந்து, சென்னையில் வயலின் படித்து, தாய் தகப்பனோடு ஊர் திரும்பியவள். வயதில் உன்னைவிட இரண்டு வருடம் இளையவள், அதட்டலில் உன் பெரியம்மாவைவிட மூத்தவள். ஒரு நாள் பத்து நிமிடம் பிந்தி வந்த பங்குத் தந்தையையே வாசலில் நிறுத்தி, பாட்டு முடிஞ்சாப் பிறகு வாங்கோ ஃபாதர் என்று சொல்லிவிட்டாள், அவரும் பாட்டு முடியும்வரை வாசலிலேயே நின்றார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். முப்பது வருடமாக நம்முடைய கோயிலில் பாட்டைத் தொடங்குகிறவள் நான். குருவானவர் புத்தகத்தை மூடினால் நான் வாயைத் திறப்பேன், நான் திறந்தால் ஊரே திறக்கும். அந்தப் பழக்கத்தோடு போய் சுபத்திராவின் முன்வரிசையில் இரண்டாம் குரலில் நின்றேன். அந்தத் தேவபாடலில் ஓரிடத்தில் வாத்தியங்கள் தனியே பன்னிரண்டு சுற்று வாசிக்கும், அவள் ஆவர்த்தனம் என்பாள், நாங்கள் சுற்று என்போம். பன்னிரண்டும் முடிந்தபின் இரண்டாம் குரல்காரர் பதினொரு பேரும் முதலில் தொடங்க வேண்டும், மற்றக் குரல்கள் பிறகு வரும். நான் ஒவ்வொரு முறையும் இரண்டு சுற்று முந்தித் தொடங்கினேன். ஒரு சுற்றுமில்லை, மூன்றுமில்லை, அளந்து வைத்ததுபோல் இரண்டு. அன்ரி, எண்ணுங்கோ என்பாள். எண்ணிறன் பிள்ளை என்பேன். உண்மையாகவே எண்ணினேன், ஆனால் எப்படி என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. சேலைத் தலைப்புக்குள் செபமாலையை வைத்து, சுற்றுக்கு ஒரு மணியாகத் தள்ளினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது முறையும் நான் முந்தியபோது அவள் வயலின்களை நிறுத்தினாள். எல்லோர் முன்னிலையிலும், குரலை உயர்த்தாமல், அன்ரி, இன்னொருக்கா முந்தினீங்கள் எண்டால் கச்சேரி அண்டைக்கு நீங்கள் முன்வரிசையிலதான் இருப்பீங்கள், ஆனால் கீழ, சனத்தோட என்றாள். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இருந்து தலைமன்னார் வீதி முழுக்க அழுதேன், சோளகக் காற்றில் கண்ணுக்குள் மண் விழுந்துவிட்டது என்று அவருக்குச் சொன்னேன். ஊரில் பதினாலு பேர் நான் பாடுவதைக் கேட்கவென்று வாடகைக்கு ஒரு வான் பிடித்திருந்தார்கள், அவர்களுக்கு நடுவில் போய் இருப்பதை நினைக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ அன்று போன் எடுத்துப் பயிற்சி எப்படி என்று கேட்டாய். சுபத்திரா என்னை முன்வரிசையில் இருக்கச் சொல்லிவிட்டாள் என்றேன், அது பொய் இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

என்னைக் காப்பாற்றியவர் றிஸ்வி. மறிச்சுக்கட்டியிலிருந்து வந்து பெரிய முரசுகள் இரண்டையும் அடிக்கிறவர், நாற்பது வயதிருக்கும், எங்கள் வரிசைக்குப் பக்கத்தில்தான் அவருடைய இடம். முரசுக்காரருக்குச் சில இடங்களில் அறுபது சுற்று வேலையில்லை, சும்மா நின்று எண்ண வேண்டும், அதனால் மற்றவர்கள் எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாராம். அடுத்த ஒத்திகையில் தேநீருக்கு விட்டபோது வந்து, அன்ரி, குறை நினைக்காதேங்கோ, அந்த மாலையில பத்துச் சின்ன மணிக்குப் பிறகு என்ன வரும் என்று கேட்டார். பெரிய மணி என்றேன். பெரிய மணியில விரல் பட்டால் என்ன செய்வீங்கள் என்றார். பரலோக மந்திரம் தொடங்குவன் என்று சொல்லி முடிக்கவில்லை, எனக்கு விளங்கிவிட்டது. ஆறு வயதிலிருந்து பெரிய மணியில் பெருவிரல் பட்டால் என் வாய் தானாகத் திறக்கிறது மகள், இனி அதை நிறுத்த முடியுமா. இருவரும் தேநீர் சிந்தச் சிந்தச் சிரித்தோம். பிறகு அவர் தன் கையை விரித்துக் காட்டினார். விரலுக்கு மூண்டு கணு, நாலு விரலுக்குப் பன்னிரண்டு, பெருவிரலால தொட்டுக்கொண்டு போங்கோ, சின்னி விரல் முடிஞ்சால் பாடுங்கோ, கையில பெரிய மணி ஒண்டும் இல்ல என்றார். தொழுகைக்குப் பிறகு அவர் அப்படித்தான் எண்ணுவாராம். மாலையைக் கைப்பைக்குள் வைத்தேன், மாதா கோவிக்கமாட்டா. அன்றிலிருந்து மீன் பொரிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கணுக்களை எண்ணினேன், இரண்டு முறை மீன் கருகி அப்பா சம்பலோடு சாப்பிட்டார்.

மீதமிருந்த ஒத்திகைகளில் நான் முந்தவில்லை. ஆனால் சுபத்திராவுக்கு என்னில் நம்பிக்கை வரவில்லை. பத்தாவது சுற்று வந்தால் இடது உள்ளங்கையை என் பக்கம் உயர்த்தி நிறுத்துவாள், அது இறங்கும்வரை ஒருவரும் பாடக்கூடாது என்பது சட்டம். சனிக்கிழமை பின்னேரம் கச்சேரி, மண்டபம் நிரம்பிச் சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். கீர்த்தனைகள் தேனாக ஓடின. தேவபாடலில் அந்த இடம் வந்ததும் நான் கையைச் சேலைக்குள் வைத்துத் தலையைக் குனிந்து எண்ணத் தொடங்கினேன். பத்தில் அவளுடைய கை உயர்ந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. சின்னி விரல் முடிந்தது. பாடினேன். என் குரலைத் தவிர வேறு குரல் இல்லை. வலமும் இடமும் பத்துப் பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள், நிமிர்ந்து பார்த்தால் சுபத்திராவின் இடது கை இன்னும் உயரத்தில் நிற்கிறது. வயலின்களைக் கவனித்ததில் அதை இறக்க மறந்துவிட்டாள். கெடுத்துப்போட்டேன் என்றுதான் நினைத்தேன், ஆனால் றிஸ்வியைப் பார்த்தேன், அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார், நான் சரி. நிறுத்தாமல் பாடினேன், ஒரு முழு அடி. இரண்டாம் அடியில்தான் கை இறங்கி மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். முடிந்தபின் அந்தப் பிள்ளை எல்லோர் முன்னிலையிலும் வந்து என் இரண்டு கையையும் பிடித்து, அன்ரி, பிழை என்ர கையில, உங்கட கையில இல்ல என்றாள். நல்ல பிள்ளை. இனி அவள் எவ்வளவு அதட்டினாலும் நான் கோவிக்கப் போவதில்லை.

அலெக்ஸாண்டர் வந்தால் சும்மா அனுப்பிவிடாதே, மத்தியானச் சாப்பாடு கொடு, அவருக்குச் சீனி வருத்தம், தேநீருக்குச் சீனி போடாதே. கருவாட்டைப் பொரிக்கும்போது யன்னலைத் திறந்து வை, போன முறை மாதிரி மேல்மாடிக்காரர் தீயணைப்புக்காரரைக் கூப்பிடப் போகிறார்கள். சின்னவளுக்குத் தமிழில் செபம் சொல்லிக் கொடு, மருமகனை மழையில் தொப்பியில்லாமல் திரியவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லு. ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கையின் நிழலில் வைத்திருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. அப்பா எடுத்து அனுப்பிய வீடியோவில் நடுவில் கொஞ்ச நேரம் மண்டபத்து மின்விசிறி மட்டும்தான் தெரியும், அவர் அப்போது போனை மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த இடத்தில தனியப் பாடினது ஆர் அம்மா, கொழும்பில இருந்து ஆரும் வந்தவையோ என்று நீ கேட்டாய், நான் வேறு கதைக்கு மாறிவிட்டேன். கோயிலில் நான் தொடங்கினால் முதற் சொல்லிலேயே எல்லோரும் வந்து சேர்ந்துவிடுவார்கள், முப்பது வருடத்தில் என் குரலை நான் தனியாகக் கேட்டதில்லை. இப்போது வீடியோவில் அந்த மின்விசிறியை நான் ஒரு நாளைக்கு மூன்று தரம் போட்டுப் பார்க்கிறேன். அது நான்தான், மகள்.

உன்மேல் உயிராயிருக்கும் அம்மா,
சந்தியோகு மெற்றில்டா