கிரேன்காரனின் மதியச் சாப்பாடு

பேரனைக் கண்டதும் புருஷனை மறந்துபோன என் அன்பு மனைவிக்கு,

நான் இங்கே சுகம். நீயும் மகளும் மாப்பிள்ளையும், முக்கியமாக அந்தக் குட்டிப்பயலும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் என் வேலைப் பேச்சை எடுத்தாலே, குழந்தை அழுகிறான் என்று நீ வைத்துவிடுகிறாய். எனக்கு ஒரு அழுகைச் சத்தமும் கேட்பதில்லை. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் மூடி வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

வருடாந்திரப் பரிசோதனையில் பிரஷர் அதிகம் என்று என்னைக் கிரேனிலிருந்து இறக்கிக் கிடங்கில் உட்கார வைத்தது உனக்குத் தெரிந்த கதை. மாத்திரை போட்டால் கொஞ்சம் இறங்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. இது அடங்காவிட்டால் கடைசி வரை கிடங்குதான் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். உனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "இனிமேலாவது மேல ஏறாதீங்க" என்றுதானே சொன்னாய்.

கம்பெனி ஆஸ்பத்திரிக்கு இப்போது புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மா மாத்திரைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, பகலில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். உப்பு பிஸ்கட்டும் இரண்டு வாய்த் தண்ணீரும் என்றேன். ஏன் என்றார். மேலே கழிப்பறை கிடையாது, ஏணியில் இறங்கி ஏறுவதற்குள் கான்கிரீட் லாரிக்காரன் ஹாரன் அடித்தே காதைக் கிழித்துவிடுவான், அதனால் கிரேன்காரர்கள் பகலில் வயிற்றுக்கு வேலை வைப்பதில்லை, காய், பயறு பக்கமே போகமாட்டோம் என்று விளக்கினேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிழைத்தோம் என்று எல்லாரும் சும்மா சொல்வார்கள், நான் நிஜமாகவே கட்டினவன் என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

குடலுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியா குடியிருக்கிறதாம். நார்ச்சத்துதான் அவற்றுக்குச் சோறு. அதைத் தின்றுவிட்டு அவை உண்டாக்கும் சில பொருள்கள் ரத்தத்தில் கலந்து ரத்தக் குழாய்களைத் தளர்வாக வைக்க உதவுமாம். நார் இல்லாமல் உப்பையே கொட்டினால் நல்லவை குறைந்துபோகும், உங்கள் பிரஷர் அடங்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். "இன்னும் ஆராய்ச்சி நடக்குது, இதை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்று கறாராகவும் சொன்னார். இத்தனை வருஷமும் நான் ஒருவன்தான் பட்டினி கிடக்கிறேன் என்று நினைத்திருந்தேன்; பார்த்தால் ஒரு ஊரையே பட்டினி போட்டிருக்கிறேன். திரும்பும் வழியிலேயே கேரட்டும் பயறும் வாங்கினேன்.

கிடங்கில் கழிப்பறை பக்கத்திலேயே இருந்ததால் தைரியமாக ஆரம்பித்தேன். முதல் தடவை பயறு வேகவைத்தபோது குக்கரை மறந்துவிட்டுக் கூழாக இறக்கினேன். முதல் வாரம் வயிறு பொருமியதில் கிடங்குக்காரர் தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு வயிறு பழகிவிட்டது, அவரும் பழகிவிட்டார். மாத்திரையையும் விடவில்லை. பிரஷர் மெல்ல மெல்ல இறங்கி, இப்போது நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. ஏறலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். மதியம் இறங்கிச் சாப்பிட வேண்டும், அவசரம் என்றால் உடனே இறங்க விட வேண்டும் என்றும் கூடவே எழுதியிருக்கிறார்.

அதைப் பார்த்த இன்ஜினியர், கட்டிடம் எப்போதய்யா முடியும் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பக்கத்துக் கிரேன்காரர், நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காததால் நாங்கள் ஒட்டகம் என்று கூப்பிடுகிறவர், நேராக உள்ளே போய், "எனக்கும் அதே மாதிரி வேணும் சார்" என்று நின்றுவிட்டார். இன்ஜினியர் முனகிக்கொண்டே இரண்டு கிரேனுக்கும் பொதுவாக மாற்று ஆள் ஒருவரைப் போட்டார். இப்போது ஒட்டகம் தினமும் மதியம் கீழே வந்து என் டப்பாவில் கை வைக்கிறார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு கிரேன் உச்சியில் இருக்கும் அந்தக் கூண்டு வேண்டும். அவ்வளவு பெரிய இரும்பு என் விரல் அசைவுக்கு நகர்ந்து, நான் நினைத்த இடத்தில் பூப்போல உட்காரும்போது கிடைக்கிற சந்தோஷம் கிடங்கில் கிடைக்கவில்லை. ஆனால் போன வாரம் பக்கத்து வீட்டம்மா ஒன்று சொன்னார். காற்று பலமாக அடிக்கிற நாளில் நீ அடுப்பை அணைத்துவிட்டு, நான் வரும்வரை தெருமுனையிலேயே நிற்பாயாம். நான் வருவது தெரிந்ததும் உள்ளே ஓடி மறுபடி அடுப்பைப் பற்றவைப்பாயாம். சமையல் ஏன் தாமதம் என்று எத்தனையோ நாள் நான் உன்னைக் கேலி செய்திருக்கிறேன்.

திங்கட்கிழமை ஏறச் சொல்கிறார்கள். வீட்டிலிருந்து பதில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். "டாக்டர் சரின்னு சொல்லியாச்சு, நானும் சரின்னு சொல்லியாச்சு, வேறென்ன பதில்?" என்று இன்ஜினியர் கேட்டார். அவருக்குப் புரியாது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நீ வேண்டாம் என்றால் கிடங்கிலேயே இருந்துவிடுகிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன்.

பேரன் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழட்டும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிச்சத்தைத் தின்னாமல் நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. எதுவானாலும் ஒரு வரி எழுது. அது வரும்வரை முதல் படியில்கூடக் கால் வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் கணவன்