டின்னில் நின்ற மழை

கிழக்கேகோட்டை,
திருவனந்தபுரம்,
21-11-1976

பாசமுள்ள மகன் குற்றாலலிங்கத்துக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அப்பாவின் இருமல்கூட நின்றுவிட்டது. பூனாவில் குளிர் தொடங்கியிருக்கும், உன் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் நினைப்பு. கஞ்சி வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டேன், பயப்பட ஒன்றுமில்லை, நான் சொல்லச் சொல்ல உன் தங்கை மங்கலம் எழுதுகிறாள். சேதி அவளைப் பற்றியது என்பதால் பாதியை எழுதமாட்டேன் என்கிறாள். ஒரு வார்த்தை விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜில்லாப் பள்ளிக்கூடங்களின் சயன்ஸ் எக்ஸிபிஷனில் அவளுக்கு முதல் பரிசு! பத்தாம் வகுப்பு முடிந்ததும் டைப்ரைட்டிங் போதும் என்று அப்பா நின்றதும், நான் காற்றையும் மழையையும் படிக்க வேண்டும், ப்ரீடிகிரியில் கணக்கும் சயன்ஸும் உள்ள ஃபர்ஸ்ட் குரூப் வேண்டும் என்று இவள் சாப்பிடாமல் கிடந்ததும் உனக்கு எழுதியிருந்தேன். கடைசியில் அப்பா, எக்ஸிபிஷன்ல ஜெயிச்சா சேத்து விடுதேன், இல்லேன்னா டைப்ரைட்டிங்தான், பொறவு கண்ணைக் கசக்கப்பிடாது என்று சொல்லிவிட்டார். எக்ஸிபிஷனுக்காகத் தினமும் மழையை அளந்து சார்ட் போட ஆரம்பித்தாள். ஓண லீவிலும் அது விட்டுப்போகக் கூடாது என்று, பூகோளம் நடத்தும் சுசீலாபாய் டீச்சரிடம் பள்ளிக்கூட மழைமானியை இரவல் வாங்கி வந்து முற்றத்தில் வைத்தாள். வாயில் புனல் வைத்த செம்புப் பாத்திரம்தான் அது, உள்ளே சேரும் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளக்க வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் இவள் லைப்ரரிக்குப் போயிருந்த நேரம் பெரிய மழை. கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்த அப்பா ஓடிப்போய் மழைமானியை எடுத்து அடுக்களையில் வைத்து, துண்டால் துடைத்தும் விட்டார். இவள் நனைந்துகொண்டே ஓடி வந்து, அதைப் பார்த்து அழுத அழுகை சொல்ல முடியாது. அவரோ, எரவல் சாமானாக்கும், நனைஞ்சு கெட்டுப்போனா டீச்சருக்கு ஆருட்டி பதில் சொல்லுவா என்கிறார். மழையில வைக்கத்தானே அப்பா அது என்று இவள் கேட்ட பிறகுதான் அவருக்கு விளங்கியது. அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். மழைக்குச் சற்று முன்னால் நான் கழுவி வைத்த வட்ட பிஸ்கட் டின் தண்ணீரோடு நின்றது. காலியாத்தான் வச்சியா, நல்லா ஓர்மை உண்டா என்று வக்கீல் மாதிரி என்னைக் கேட்டாள். வாய் முதல் அடிவரை ஒரே அகலம், ஆகவே தண்ணீரின் உயரம்தான் பெய்த மழை என்று ஸ்கேல் வைத்து அளந்தாள். அத்தோடு விடாமல், பிறகு வந்த மழைக்கெல்லாம் டின்னையும் மழைமானியையும் அருகருகே வைத்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாள்.

எக்ஸிபிஷனில் பரிசோதிக்க வந்த காலேஜ் புரொபசர் இவளுடைய மழைச் சார்ட்டைப் பார்த்து, ஒரு நாளுக்கு மட்டும் ஏன் சிவப்பு மை என்று கேட்டார். அப்பா என் பக்கத்தில்தான் நின்றார். நனையாமல் இருக்க அப்பா உள்ளே எடுத்து வைத்துவிட்டார், அன்று டின்னில் அளந்தேன் என்று இவள் மலையாளத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டாள், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புரொபசர் சிரிக்கவில்லை, டின் அளவை எப்படி நம்புவது என்று மடக்கினார். இவள் இன்னொரு சார்ட்டை விரித்தாள். டின்னுக்கு ஒரு கோடு, மழைமானிக்கு ஒரு கோடு, இரண்டும் ஒட்டியே போயின. எங்கே விலகியது, ஏன் விலகியது என்றும் சொன்னாள். மிடுக்கி, நல்ல கெட்டிக்காரி என்று மெச்சினார் அவர்! சாயந்தரம் மைக்கில் இவள் பெயரைச் சொன்னபோது முதலில் கைதட்டியது உன் அப்பாதான்.

இப்போது சாலை பஜாரில் நம் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம், சர்க்கரையைக் கட்டுமுன் அப்பா சொல்வது மகள் பரிசு வாங்கிய கதைதான். பக்கத்துக் கொப்பரைக் கடை ராஜையன், பொம்பளப் பிள்ளைக்கு மழையில என்ன ஜோலி என்று கேட்டதற்கு அப்பா, ஒம்ம கொப்பரை பூராவும் நனைஞ்ச அன்னைக்கு அந்த ஜோலி தெரிஞ்ச ஆளு ஒண்ணு இருந்தா தேவலையாக்கும் என்றாராம்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் சட்டைமேல் சட்டை போட்டுக்கொள். பத்மநாபசாமி உனக்குத் துணை நிற்கட்டும், நீ எடுத்ததெல்லாம் ஜெயமாகட்டும். ஒன்றை மறந்துவிடாதே. ஃபர்ஸ்ட் குரூப்பில் சேரவே இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. அப்பாவோ, பூனாவில் வானிலைக்குப் பெரிய ஆபீஸ் இருக்காமே, அங்கே பெண்பிள்ளைகள் தங்க நல்ல விடுதி உண்டுமா, லிங்கத்தை விசாரிக்கச் சொல்லு என்று என்னைப் பிடுங்கி எடுக்கிறார். விசாரித்து, அவர் பெயருக்கே பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா கோமதியம்மாள்
(எழுதியது மங்கலம்)