வயர்லெஸ் செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே

ஷீமே,

அடுப்புல கீரையும் உருளைக்கிழங்கும் இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க. ஒயினைத் தொடாதீங்க. படகுச் சாவியைத் தேட வேண்டாம், என் பையில இருக்கு.

நேத்து வாடைக்காத்து அடிச்சப்போ வீட்டு வயர்லெஸ்ல பத்துத் தடவை கூப்பிட்டேன். நீங்க பதிலே சொல்லல. வந்ததும், "படகு வயர்லெஸ் செத்துப்போச்சு"ன்னீங்க. அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லல. அதான் காலையில நீங்க தூங்கும்போது படகுக்குப் போனேன். ஆன் பண்ணினதுமே கணீர்னு பேசுது. அதுவும் ஒரு பொம்பளை குரல்: "ஷீமே, வீட்டுல சொல்லிட்டியா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. பொத்தானை அழுத்தி, "நான் அவர் பொண்டாட்டி தோங்கா. அவர் எதைச் சொல்லணும்?"னு கேட்டேன்.

"நான் லாஸ்தோவோ தீவு நெவென்கா. நேத்து வலை இழுக்கையில மயங்கி விழுந்துட்டாரு. அவர் படகை என் படகோட கட்டி இழுத்துட்டு வந்தேன்"னா.

டாக்டரைக் கூட்டிட்டு வரப் போறேன். அவர்கிட்டயாவது பொய் சொல்லாதீங்க.

தோங்கா

பி.கு: "இதுதான் முதல் தடவையா?"ன்னு அவளைக் கேட்டேன். "அதை அவர்கிட்டயே கேளுங்க"ன்னுட்டா. கேக்கத்தான் வர்றேன்.