கோதண்டம் மாமா கூப்பிடவில்லை

மாதனூர்,
4 ஆகஸ்ட் 2024

என் கண்ணு பாரதிக்கு,

இங்கே எல்லோரும் சாப்பிட்டாயிற்று. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் முதல் கேள்வி. கடைசிக் கேள்வியும் அதுதான், நடுவில் இருப்பதெல்லாம் சும்மா.

போனில் பேசினால் நமக்கு உடனே சண்டை வந்துவிடுகிறது. நான் "சாப்ட்டியா" என்பேன். நீ "உனக்கு வேற கேள்வியே தெரியாதாம்மா" என்பாய். நான் வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம் எழுதிக்கொள்வோம் என்றேன். நீ சிரித்தாய். சிரி. நான் எழுதி முடிக்கும்வரை உன்னால் குறுக்கே பேச முடியாது, பார்.

அப்பா நலம். பேப்பரும் டீயும் இருந்தால் அவருக்கு உலகமே நலம். ஷூ கம்பெனியில் ஷிப்மென்ட் நெருங்குகிறது. எங்கள் லைனில் ஒருத்தி வராவிட்டால் பக்கத்து மெஷின்காரி அவள் பங்கையும் சேர்த்துத் தைத்துவிடுவாள். சூப்பர்வைசர் நிசார் பாய் கண்டும் காணாமல் போய்விடுவார். லைன் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

கம்பெனி பஸ்ஸில் தினமும் உன் பேச்சுதான். "எம் பொண்ணு ஒருத்தியே ஒரு வார்டைப் பாத்துக்கறா" என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த அமிர்தம், "இன்னும் படிக்கிற பொண்ணுதானே செண்பகம்?" என்றாள். "கடைசி வருஷம்டி. ட்ரெய்னிங். ஆஸ்பத்திரியே அவளை சிஸ்டர்னுதான் கூப்புடுது" என்று வாயை அடைத்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும்.

இட்லிப்பொடி அனுப்பியிருக்கிறேன். கூடப் படிக்கிற பெண்ணுக்கும் கொடு.

அன்பு அம்மா,
செண்பகம்

---

வேலூர், நர்சிங் ஹாஸ்டல்,
10 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

சாப்பிட்டேன். முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நிம்மதியாகப் படி.

பஸ்ஸில் நீ அடித்த தம்பட்டத்தைப் படித்துச் சிரித்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் அம்மா. நீ சொன்ன அந்த வார்டு எப்படி இருக்கிறது என்று வந்து பார்த்தால் உனக்கே அழுகை வரும்.

எனக்கு ஆண்கள் வார்டு. நாற்பது பேருக்கு மேல் படுத்திருக்கிறார்கள். பகலில் சம்பளம் வாங்கும் நர்ஸ் ஒரே ஒருவர், பிரிசில்லா சிஸ்டர். முன்பு நான்கு பேர் இருந்தார்களாம். இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டார்கள், ஒருவர் பிரசவத்துக்குப் போனவர் திரும்பவில்லை. அந்த இடங்களுக்கு ஆளே எடுக்கவில்லை. எங்களைப் போல் படிக்கிற பெண்கள் இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். எங்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய சிஸ்டர், ஓடிக்கொண்டே "அந்த பெட்டுக்கு ஊசி, இந்த பெட்டுக்கு பிரஷர்" என்று சொல்லிவிட்டுப் போவார். நேற்று அவர் மதியச் சாப்பாடு ஒரு வாழைப்பழம், அதுவும் நின்றுகொண்டே.

மூன்று வார்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு வார்டுபாய். அதனால் நோயாளியோடு வந்திருக்கும் சொந்தக்காரர்கள்தான் பாதி வேலை பார்க்கிறார்கள். குளுக்கோஸ் தீரும்போது கூப்பிடுவதும், கைத்தாங்கலாக பாத்ரூம் கூட்டிப்போவதும் அவர்கள்தான். கூட ஆள் இல்லாதவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அதற்காக நான் இங்கே அழுதுகொண்டிருப்பதாக நினைக்காதே. "சிஸ்டர், உன் கை பட்டா ஊசி வலிக்கல" என்று ஒரு தாத்தா சொன்னார். நாள் முழுக்க அது போதுமாக இருந்தது.

உன் மகள்,
பாரதி

---

மாதனூர்,
18 ஆகஸ்ட் 2024

பாரதி கண்ணுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வாழைப்பழம் வந்த இடத்தில் அவர் பேப்பரைக் கீழே வைத்தார். அந்த சிஸ்டருக்கும் சேர்த்து ஒரு டப்பா பொடி அனுப்பச் சொன்னார்.

இப்போது ஒரு நல்ல சேதி. அமிர்தத்தின் வீட்டுக்காரர் கோதண்டபாணிக்குக் காலில் சர்க்கரைப் புண் பெரிசாகிவிட்டது. அவர் ஆட்டோவில்தானே நீ பள்ளிக்கூடம் போனாய். ஆம்பூரிலேயே எங்கேயோ சேர்க்கலாம் என்றிருந்தாள். "இன்னாடி பேசற, வேலூர்ல நம்ம பாரதி இருக்கறப்போ?" என்று நான்தான் அவளைத் திருப்பிவிட்டேன். இன்று சேர்த்துவிட்டார்கள், உன் வார்டுதானாம்!

ஷிப்மென்ட் சமயம், லீவு போட்டால் அவளை லைனிலிருந்தே எடுத்துவிடுவார்கள். பிள்ளைகளும் இல்லை. யார் கூட இருப்பது என்று பஸ்ஸில் கண்ணைக் கசக்கினாள். "ஆளே வேணாம். எம் பொண்ணு ஒருத்தி பத்து ஆளுக்கு சமம். நீ பேசாம வேலைக்கு வா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கும் இடம்வரை விடவில்லை. நீ நர்ஸ் படித்ததற்கு இன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

அவரை நன்றாகப் பார்த்துக்கொள். இனிப்பு கேட்பார், கொடுக்காதே.

பெருமையுடன்,
அம்மா

---

வேலூர்,
21 ஆகஸ்ட் 2024

அம்மா,

ஏன் அம்மா இப்படிச் செய்தாய்?

போன கடிதத்தில் அவ்வளவு எழுதினேனே. நீ வாழைப்பழத்தை மட்டும் படித்திருக்கிறாய். இது உன் லைன் இல்லை, ஒருத்தி பங்கை இன்னொருத்தி தைத்து முடிக்க. ஒருவருக்கு ஊசி போடும்போது இன்னொருவர் மூச்சுத் திணறினால் நான் என்ன செய்வேன்?

சரி, கோபம் முடிந்தது. மாமா வந்தது எனக்குச் சந்தோஷம்தான், அதையும் சொல்லியாக வேண்டும். வார்டில் எல்லோரிடமும் "இந்த சிஸ்டருக்கு மூக்கு ஒழுகறப்போ நான்தான் தொடச்சி விட்டேன்" என்று சொல்லி என் மானத்தை வாங்குகிறார். காலை ஊன்றவே கூடாது, எது வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அவர் என்னைக் கூப்பிடுவதே இல்லை அம்மா. யூரின் பாட்டிலை நான் எடுத்தால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறார். "நீ போ கண்ணு, வார்டுபாய் வரட்டும்" என்கிறார். வார்டுபாய் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. வேறு யாராவது பெண்ணாக இருந்தால் கேட்டிருப்பார். பள்ளிக்கூடப் பையோடு ஆட்டோவில் ஏற்றிய குழந்தையிடம் எப்படிக் கேட்பார்?

யாராவது ஒரு ஆம்பிளையை அனுப்பச் சொல் என்று அமிர்தம் அத்தையிடம் சொல். மறக்காதே.

பாரதி

---

வேலூர்,
28 ஆகஸ்ட் 2024

அம்மா,

நீ போனில் கேள்விப்பட்டிருப்பாய். நீ கூப்பிட்டபோது நான் பேசும் நிலையில் இல்லாததால் எடுக்கவில்லை. முழுசாக எழுதுகிறேன்.

நேற்று மதியம் கோதண்டம் மாமா விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் செய்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் பழையபடி ஆட்டோ ஓட்டுவாரா என்று டாக்டர் சொல்லவில்லை.

ஒரு நோயாளிக்கு மூச்சு நின்றுபோகிற மாதிரி ஆகிவிட்டது. ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஐசியூவுக்கு ஓட ஆள் இல்லாமல் பிரிசில்லா சிஸ்டரே ஓடினார். கூடப் படிக்கிறவள் மருந்து வாங்கப் போயிருந்தாள். அவ்வளவு பேருக்கும் நான் மட்டும். வார்டின் மறுகோடியில் ஒருவருக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு மாமாவே பாத்ரூமுக்குக் கிளம்பியிருக்கிறார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தரையில் கிடந்தார். ஈரமாகியிருந்த வேட்டியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "நீ பாக்காத கண்ணு, நீ பாக்காத" என்றார். வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அம்மா.

இப்போது விசாரணை வைக்கிறார்கள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று மேட்ரன் கூப்பிட்டுச் சொன்னார். நோயாளியோடு ஆள் இல்லை, எழக்கூடாது என்று சொல்லியும் எழுந்தார், பொறுப்பு நர்ஸ் வார்டில் இல்லை. மூன்றும் உண்மைதான். மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பொய். அப்படிச் சொன்னால் பிரிசில்லா சிஸ்டர் வேலை போய்விடும், மாமா பிடிவாதத்தால் விழுந்தார் என்றாகிவிடும். வார்டில் தினமும் ஒரே நர்ஸ்தான், படிக்கிற பெண்களை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள் என்று நான் சொன்னால், என் ட்ரெய்னிங் சர்டிபிகேட் கைக்கு வருமா தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. நான் உண்மையைச் சொன்னால், இங்கே இருக்கும் நிலைமை தெரிந்தும் நீ ஆளே வேண்டாம் என்றது அத்தைக்குத் தெரிந்துவிடும்.

நான் என்ன செய்யட்டும்?

பாரதி

---

மாதனூர்,
31 ஆகஸ்ட் 2024

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ஊசி கோர்க்க வரவில்லை. லைனில் ஒரே நாளில் எத்தனையோ ஷூ மேல்தோலைப் பாழாக்கினேன், நிசார் பாய் "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

மேட்ரன் சொன்னபடியே சொல்லிவிடு. நாலு வருஷம் படித்திருக்கிறாய். அந்த சிஸ்டருக்கு அனுபவம் இருக்கிறது, வேறு இடத்தில் வேலை கிடைக்கும். உனக்கு சர்டிபிகேட் இல்லாவிட்டால் என்ன இருக்கிறது? என் பக்கத்து மெஷினில் உன்னை உட்கார வைக்கவா உன்னைப் பெற்றேன்? கோதண்டம் அண்ணன் விழுந்தது விழுந்ததுதான், நீ உண்மை பேசினால் எலும்பு கூடிவிடுமா?

ஆம்பிளை ஆள் அனுப்பச் சொல்லி நீ எழுதியதை நான் அமிர்தத்திடம் சொல்லவில்லை. அவ்வளவு பெருமை அடித்துவிட்டு எப்படிச் சொல்வேன் என்று ஒருநாள் தள்ளினேன், மறுநாளும் தள்ளினேன். இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

நேற்று பஸ்ஸில் அமிர்தம் என் தோளில் சாய்ந்து அழுதாள். "பாரதி இருந்ததால உயிரோடயாவது இருக்காரு. உங்க குடும்பத்துக்கு நான் என்ன செய்யப் போறேன்" என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், என் வாயால் கெட்டது அவள் புருஷன்.

எதுவும் பேசாமல் இரு கண்ணு. அம்மாவுக்காக.

அம்மா

---

வேலூர்,
4 செப்டம்பர் 2024

என் அம்மாவுக்கு,

உன் கடிதம் விசாரணைக்கு முந்தின நாளே வந்துவிட்டது. படித்துவிட்டுத்தான் போனேன். நீ சொன்னபடி செய்யவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். சிஸ்டர் ஒரு உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்றேன். வார்டில் இருந்தது படிக்கிற பெண் ஒருத்திதான், இது ஒருநாள் கதை இல்லை என்றேன். கூட ஏன் ஆள் இல்லை என்று கேட்டார்கள். என் அம்மா வேண்டாம் என்று சொன்னார்கள், நான் இருக்கிறேன் என்று நம்பிச் சொன்னார்கள் என்றேன்.

பிரிசில்லா சிஸ்டருக்கு வேலை போகவில்லை. வார்டுக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வந்திருக்கிறார், எத்தனை நாளுக்கு என்று தெரியாது. எனக்கு வேறு வார்டில் மூன்று மாதம் கூடுதல் ட்ரெய்னிங். அது முடிந்தால்தான் சர்டிபிகேட். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் கூடப் படித்தவர்கள் வீட்டுக்குப் போகும்போது நான் மட்டும் இருப்பேன்.

உன்மேல் கோபம் இல்லை அம்மா. இருந்தது, மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அமிர்தம் அத்தை வருவார். அவரிடம் நானே சொல்லிவிடுகிறேன். நீ பக்குவமாக ஏதாவது சொல்லிக் குழப்பாதே, பாவம்.

உன்னை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதே. அப்படி நினைத்தால் என்னால் தாங்க முடியாது.

பாரதி

---

மாதனூர்,
15 செப்டம்பர் 2024

என் கண்ணு பாரதிக்கு,

நீ சொல்ல வேண்டாம் என்று நானே முந்திக்கொண்டேன். உன் கடிதம் வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, பஸ் ஆம்பூர் தாண்டியதும் அமிர்தத்திடம் எல்லாம் சொல்லிவிட்டேன். வார்டில் ஆள் இல்லாதது எனக்கு முன்பே தெரியும் என்பதையும், ஆளை அனுப்பச் சொல்லி நீ எழுதியதை நான் மறைத்ததையும் சொன்னேன். பக்குவமாக ஒன்றும் சொல்லவில்லை, பயப்படாதே.

அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். மெஷினையும் மாற்றிக் கேட்டிருக்கிறாள். நிசார் பாய் ஒன்றும் புரியாமல் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்பா அங்கே வந்து கோதண்டம் அண்ணனோடு தங்கியிருப்பது என் யோசனை இல்லை. அவரே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "ஆம்பிளைக்கு ஆம்பிளைதான் லாயக்கு" என்றார். உன் அப்பா ஒரு மாதத்தில் பேசுவதே அவ்வளவுதான்.

நேற்று துணி மாற்ற வீட்டுக்கு வந்தபோது ஒரு சேதி சொன்னார். அமிர்தம் அவரிடம், "அண்ணா, உங்க வீட்டம்மாகூட நான் பேச மாட்டேன். பாரதிகிட்ட பேசுவேன். அவ வேலை முடிஞ்சி போறப்போ இவரைப் பாத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றாளாம். போய்ப் பார்த்துவிட்டு வா. என்னைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காதே, சமாதானம் பண்ண நினைக்காதே. அது அவள் உரிமை.

நீ என்னை விட்டுக்கொடுத்தாய் என்று நான் நினைக்கவில்லை. இந்த மூன்று மாதமும் உனக்கு வேளைக்குச் சோறு கிடைக்கட்டும், உன்னோடு வேலை செய்ய இன்னும் நாலு பேர் கிடைக்கட்டும். பஸ்ஸில் இப்போது உன்னைப் பற்றி நான் யாரிடமும் பேசுவதில்லை. ஆனால் மனசுக்குள் நாள் முழுக்க உன் பெருமைதான்.

ஜன்னலோரத்துக்காக நானும் அமிர்தமும் இத்தனை வருஷமாகச் சண்டை போட்டோம், உனக்குத் தெரியாது. இப்போது தினமும் எனக்குத்தான். காற்று நன்றாக வருகிறது. எனக்கு அது வேண்டாம் பாரதி.

உன் அம்மா,
செண்பகம்